சாமந்தி வரும் ஊர்: பெர்தாம் வேலியின் கதை

 

போன உபயம் முடிந்து பூக்கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா வந்து கேட்டார்: "ஏன் தம்பி, பூ விலை இப்படி ஏறிக் கிடக்கு? சாமந்தி என்ன தங்கத்துலயா பூக்குது?" நானும் சிரித்துவிட்டு, "கேமரன்மலையில மழையாம்க்கா" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பதில் மனசை உறுத்தியது. நம்ம கோவிலுக்கு வரும் சாமந்திப் பெட்டிகளை வருஷக்கணக்காகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பூ பூக்கிற ஊரைப் பற்றி நாலு வார்த்தை உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லையே என்று இருந்தது. தேயிலை பார்க்கவும் ஸ்ட்ராபெரி வாங்கவும் கேமரன்மலைக்கு எல்லாரும்தான் போயிருக்கிறோம். ஆனால் சுற்றுலா பஸ் நிற்காத ஊர் ஒன்று அங்கே இருக்கிறது. பெர்தாம் வேலி. இது அந்த ஊரின் கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படிங்க.

முதலில் பேர். "வேலி" என்றதும் முள்வேலி, கம்பிவேலி என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளத்தாக்கு என்பதற்கு வெள்ளைக்காரன் வைத்த சொல்தான் நம்ம வாயில் வேலி ஆகிவிட்டது. பெர்தாம் ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கு, அதனால் பெர்தாம் வேலி. இதில் ஒரு வேடிக்கை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த நம்ம பெரியவர்களுக்கு வேலி என்றால் நில அளவு. ஒரு வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர். "அவன் அஞ்சு வேலிக்காரன்" என்று மரியாதையாகச் சொல்வார்கள். இந்தப் பெர்தாம் வேலியிலோ பயிர் செய்கிற பலருக்கு ஒரு குழி நிலம்கூடச் சொந்தப் பெயரில் கிடையாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இடம் எங்கே? தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மலை ஏறினால் லாத்தா இஸ்கண்டார் அருவி வரும். ஒராங் அஸ்லிகள் பெத்தாயும் தேனும் விற்கும் கடைகளைத் தாண்டி, வயிற்றைக் கலக்கும் வளைவுகளில் ஏறிக்கொண்டே போனால் பேராக் மாநிலம் முடிந்து பகாங் தொடங்கும். அங்கே முதலில் வருகிற ஊர் ரிங்லெட். நம்மில் பெரும்பாலோர் அங்கே கழிப்பறைக்கு மட்டும் இறங்கிவிட்டு, நேரே தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஏறிவிடுவோம். ரிங்லெட்டை ஒட்டி ஒரு பெரிய ஏரியும் அணையும் உண்டு. அணைக்குக் கீழே ஆறு போகிற திசையில் ஒரு கிளைச்சாலை இறங்குகிறது. அதில் போனால் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் கூரைகள்தான். மலைச்சரிவே வெள்ளைப் போர்வை போர்த்தியது மாதிரி இருக்கும். அதுதான் நம்ம ஊர். உயரம் சுமார் 1,000 மீட்டர். பிரிஞ்சாங் அளவுக்குக் குளிர் இல்லை, ஆனால் விடியற்காலையில் சட்டைமேல் சட்டை வேண்டும்.

இந்த மலைக்கு முதல் சொந்தக்காரர்கள் ஒராங் அஸ்லி மக்கள். ரிங்லெட், பெர்தாம் பக்கம் இருப்பவர்கள் செமாய் இனத்தவர். இன்றைக்கும் அவர்களுடைய கம்போங்குகள் அந்த ஆற்றோரங்களில் இருக்கின்றன. 1885-ல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் இந்த மலைக்கு வந்து எழுதி வைத்தார். அதனால் மலைக்கு அவர் பெயர். காலங்காலமாக அங்கேயே வாழ்ந்தவர்களின் பெயர் எதற்கும் வைக்கப்படவில்லை. அடுத்த நாற்பது வருஷம் அந்தப் பக்கம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1925-ல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற பெரிய அதிகாரி வந்து பார்த்து, வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்கவும் விவசாயம் செய்யவும் ஏற்ற இடம் என்றார். 1926-ல் தாப்பாவிலிருந்து சாலை போடத் தொடங்கி 1931-ல் முடித்தார்கள். இப்போது ஏர்கண்டிஷன் காரில் போகிற நமக்கே தலை சுற்றுகிற பாதை அது. காட்டுக்குள் கூடாரம் போட்டு, மலேரியாவோடு மல்லுக்கட்டி அதை வெட்டியவர்களை நினைத்துப் பாருங்கள்.

தேயிலை வந்த கதை உங்களுக்குத் தெரியும். 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல், சிலோனில் தேயிலை அனுபவம் உள்ள ஏ.பி. மில்ன் என்பவரைச் சேர்த்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். ரிங்லெட்டுக்கு மேலே ஹாபு பக்கம் அந்தத் தோட்டம். மலையைச் சமப்படுத்தக் கோவேறு கழுதைகளும் ஒரே ஒரு நீராவி உருளையும்தான் கைவசம் இருந்தன என்று சொல்வார்கள். மீதி எல்லாம் மனுஷன் கைதான். 1933-ல் பாரத் தேயிலை வந்தது, அது ஓர் இந்தியக் குடும்பம் தொடங்கியது. இந்தத் தோட்டங்களில் கொழுந்து பறிக்க வந்தவர்கள் நம்ம ஆட்கள். கேமரன்மலையில் தமிழ் கேட்கிறது, கோவில் மணி கேட்கிறது, பிரிஞ்சாங்கில் முருகன் குடியிருக்கிறான் என்றால் அதற்கு அவர்கள்தான் காரணம்.

ஆனால் தோட்டத்து வாழ்க்கையின் ஒரு கணக்கு உங்களில் பல பேருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லயன் வீடு தோட்டத்துடையது. வேலை இருக்கிறவரை வீடு. வேலை நின்றால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு "நமக்குன்னு ஒரு துண்டு நிலம்" என்பது வெறும் ஆசை இல்லை, பயத்துக்கு மருந்து. அதனால்தான் தேயிலை வேலை பார்த்துக்கொண்டே பக்கத்தில் கிடைத்த இடத்தில் கோஸ், பீன்ஸ், பூ என்று போட ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் தலைமுறையில் தேயிலையை விட்டுவிட்டு முழுநேர விவசாயிகளாக ஆனவர்கள் நிறைய. கேமரன்மலையில் இந்திய விவசாயிகள் என்று ஒரு கூட்டம் உருவானது இப்படித்தான்.

பெர்தாம் வேலி மட்டும் தொடக்கத்தில் பெரும்பாலும் சீன விவசாயிகளின் ஊர். 1948-ல் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளுக்குக் காட்டோரத்து மக்களிடமிருந்து சாப்பாடு போகக்கூடாது என்று, 1950-லிருந்து நாடு முழுக்கச் சுமார் ஐந்து லட்சம் பேரைக் கிளப்பிப் புதுக்கிராமங்களில் வைத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். ரிங்லெட்டிலும் பெர்தாம் வேலியிலும் இருக்கிற புதுக்கிராமங்கள் அந்தக் காலத்து அடையாளம்தான். முள்கம்பி போனது, கிராமம் நின்றது, விவசாயமும் நின்றது. இன்றைக்கு அங்கே சீனர், தமிழர், செமாய் மக்கள், வேலைக்கு வந்த வங்காளதேசிகள், நேப்பாளிகள், மியன்மார்காரர்கள் எல்லாரும் கலந்து இருக்கிறார்கள். நம்ம அம்மன் கழுத்தில் ஏறுகிற சாமந்தியை நட்டவர் ஒரு சீன அங்கிளாக இருக்கலாம், வெட்டியவர் வங்காளதேசத்துத் தம்பியாக இருக்கலாம், லோரியில் ஏற்றி வந்தவர் நம்ம பையனாக இருக்கலாம். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ஆற்றுக்கு வருவோம். இந்த ஊரின் கதை முழுக்க ஆற்றில்தான் இருக்கிறது.

பெர்தாம் ஆறு பிரிஞ்சாங், தானா ராத்தா பக்கமிருந்து இறங்கி வருகிறது. இயற்கையாக விட்டால் அது பள்ளத்தாக்கு வழியாகக் கிழக்கே ஓடி, தெலோம் ஆறும் சேர்ந்து ஜெலாய் ஆற்றில் கலந்து, பகாங் ஆறாக நாட்டின் குறுக்கே நடந்து, பெக்கானில் தென்சீனக் கடலைத் தொடும். 1963-ல் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையைக் கட்டி முடித்தார்கள். சுமார் 40 மீட்டர் உயரம், கான்கிரீட் அணை. மின்சாரத்துக்காக. ஆனால் இது ஆற்றை மறித்து அங்கேயே சக்கரம் சுற்றுகிற அணை கிடையாது. ஏரியில் தேங்குகிற தண்ணியை மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் விட்டு, மலையின் அந்தப் பக்கம், அதாவது பேராக் பக்கம் கொண்டுபோய், 500 மீட்டருக்கும் மேலே இருந்து கீழே தள்ளுகிறார்கள். ஜோர் என்ற இடத்தில் பாறைக்கு அடியிலேயே மின்நிலையம், 100 மெகாவாட். அதைவிட ஒரு படி மேலே போய், பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓடுகிற தெலோம் ஆற்றையும் சுரங்கம் வழியாகத் திருப்பி இந்த ஏரியில் சேர்த்திருக்கிறார்கள்.

எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியம் தாங்கவில்லை. கிழக்குக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணி, மலைக்குள் திரும்பி, மேற்கே மலாக்கா நீரிணைக்குப் போகிறது! பகீரதன் கங்கையைக் கொண்டுவந்தான் என்று நாம் கதாகாலட்சேபம் கேட்கிறோம். இங்கே என்ஜினியர்கள் ஓர் ஆற்றின் திசையையே மாற்றிவிட்டார்கள். அந்தக் கரண்டில் அப்போது எத்தனை வீடுகளில் விளக்கு எரிந்திருக்கும். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அணைக்குக் கீழே என்ன ஆனது என்று பாருங்கள். மேலே தண்ணி திரும்பிவிட்டதால் பெர்தாம் வேலியில் ஓடிய ஆறு இளைத்துப் போனது. அகலமாக ஓடிய இடத்தில் கால் நனைகிற அளவுக்கு ஓடை. வருஷக்கணக்கில் அப்படியே இருந்தால் மனுஷன் என்ன நினைப்பான்? ஆறு செத்துவிட்டது, இந்தக் கரை இனி நிலம்தான் என்று நினைப்பான். மலைநாட்டில் சமமான நிலம் என்பது தங்கம். சரிவில் பயிர் செய்யணும்னா மண்ணை வெட்டிப் படி கட்டணும், புல்டோசர் வாடகைக்கு எடுக்கணும். ஆற்றங்கரையிலோ மண் தானாகவே சமமாகக் கிடக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டங்கள் கரைக்கு இறங்கின. தோட்டத்துக்குப் பின்னால் கொட்டகை வந்தது, கொட்டகைக்குப் பின்னால் வேலையாட்களின் தகர வீடு வந்தது. ஆற்றின் அகலம் குறைந்துகொண்டே போனது.

இன்னொரு பக்கம் மேலே வேறொரு கதை. பிரிஞ்சாங், தானா ராத்தா, கோலா தெர்லா, புளூ வேலி என்று அணைக்கு மேலே உள்ள மலைகளில் காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். அனுமதியோடு வெட்டியது, அனுமதி இல்லாமல் வெட்டியது, ஹோட்டலுக்கு வெட்டியது, அபார்ட்மெண்டுக்கு வெட்டியது எல்லாம் உண்டு. கேமரன்மலையில் வருஷத்துக்கு 2,600 மில்லிமீட்டருக்கும் மேலே மழை கொட்டுகிறது. மரத்தை எடுத்துவிட்டால் அந்த மண் எங்கே நிற்கும்? அத்தனையும் ஆற்றில் இறங்கி ஏரிக்கு வந்து சேர்ந்தது. 60 லட்சம் கன மீட்டருக்கும் மேல் தண்ணி பிடிக்கிற மாதிரி கட்டிய ஏரி, எண்பது வருஷம் தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள். பாதி வயசிலேயே அதற்கு மூச்சு முட்டிவிட்டது. ரிங்லெட் ஏரியைத் தாண்டிப் போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். பச்சைத் தண்ணி இல்லை, தேத்தண்ணி நிறம். மண் அள்ளும் இயந்திரங்கள் நிற்பதையும் பார்க்கலாம். அள்ள அள்ள வந்துகொண்டேதான் இருக்கிறது.

இங்கே ஒன்றை நான் அழுத்திச் சொல்லணும், ஏன்னா பேஸ்புக்கில் எழுதுகிறவர்கள் பலர் இதை மாற்றி எழுதுகிறார்கள். ஏரியை நிரப்பிய மண் பெர்தாம் வேலியின் மண் இல்லை. பெர்தாம் வேலி அணைக்குக் கீழே இருக்கிறது. மண் வந்தது மேலே இருந்து. மேலே வெட்டியவர்களின் மண்ணுக்குக் கீழே இருந்தவர்கள் விலை கொடுத்தார்கள்.

2013 அக்டோபர் 22 சாயந்திரம் மலையில் கன மழை. தீபாவளிக்குப் பத்து, பதினோரு நாள்தான் இருந்தது, அந்த வருஷம் நவம்பர் 2-ல் தீபாவளி. ஏரிதான் ஏற்கனவே மண்ணால் நிரம்பிக் கிடக்கிறதே, மழைத்தண்ணியைப் பிடித்து வைக்க இடம் ஏது? அணை உடைந்தால் பேராபத்து. நள்ளிரவு தாண்டி, 23-ஆம் தேதி பிறந்த பிறகு, அணைக்கதவுகள் திறக்கப்பட்டன. ஐம்பது வருஷமாக ஓடையாக இருந்த ஆறு, தன் பழைய அகலத்தைக் கேட்டு வந்தது. தண்ணி மட்டும் வரவில்லை, மண்ணும் மரமும் கல்லும் சேர்ந்து வந்தன. தூங்கிக்கொண்டிருந்த ஊர். உயிர்கள் போயின. வீடுகள் போயின, கார்கள் பொம்மை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த படங்களை நீங்கள் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அடுத்த வருஷமும் விடவில்லை. 2014-ல் தீபாவளி முடிந்து சரியாக இரண்டு வாரம், நவம்பர் 5, மறுபடி ரிங்லெட், பெர்தாம் வேலிப் பக்கம் மண்சரிவும் சேற்று வெள்ளமும். அதிலும் உயிர்ப்பலி.

கதவைத் திறந்தது தப்பா, கரையில் கட்டியது தப்பா, மேலே வெட்டியது தப்பா என்று அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதம் நீதிமன்றம்வரை போனது. நான் நீதிபதி இல்லை, கோவிலில் பூ கட்டுகிறவன். ஆனாலும் என் மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஆற்றங்கரையில் யாரும் ஆசைப்பட்டு வீடு கட்டுவதில்லை. வேறு இடம் இருந்தால் அங்கே போயிருப்பான்.

வேறு இடம் ஏன் இல்லை? இங்கேதான் நான் முதலில் சொன்ன நிலக் கணக்கு வருகிறது. கேமரன்மலையில் விவசாயம் செய்கிற நிறைய பேரிடம் வருஷக்கணக்காக இருந்துவந்தது கிராண்ட் இல்லை, டி.ஓ.எல். என்கிற தற்காலிகக் குடியிருப்பு உரிமம். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில் வருகிற உரிமம் அது. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்கணும். அதைப் பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது, விற்க முடியாது, அதை வைத்து வங்கியில் கடன் கேட்கவும் முடியாது. அப்பா முப்பது வருஷம் உழுத நிலம், அப்பா கண்ணை மூடினால் மகன் புதிதாக மனுப் போடணும். சில பேரிடம் அந்த உரிமம்கூட இல்லை. கேட்டுக் காத்திருக்கிறோம் என்பார்கள், எத்தனை வருஷமாக என்று கேட்டால் சிரிப்பார்கள். 2019-ல் கோலா தெர்லா பக்கம் உரிமம் இல்லாத தோட்டங்களை அதிகாரிகள் இடித்தபோது, அதில் நம்ம இந்திய விவசாயிகள் நிறைய பேர் அடிபட்டார்கள். ஆற்றுத் தண்ணியின் சுத்தம் காக்கத்தான் இடித்தோம் என்றார்கள். அதுவும் பொய் இல்லை. எங்கள் அப்பா காலத்திலிருந்து உழுகிறோம் என்றார்கள் விவசாயிகள். இதுவும் பொய் இல்லை.

ஒரு வருஷ உரிமத்தில் இருப்பவன் பத்து வருஷத் திட்டம் போட மாட்டான். மண் சரியாமல் கல் சுவர் கட்டுவது, மரம் நடுவது, நல்ல வடிகால் போடுவது எல்லாம் செலவு. அடுத்த ஜனவரியில் இந்த நிலம் எனக்கா என்று தெரியாதவன் எதை நம்பி அந்தச் செலவைச் செய்வான்? மலை மண் ஏரிக்குப் போனதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழே எழுதுங்கள், சண்டை போடாமல்.

சரி, இவ்வளவு கஷ்டத்தில் அந்தப் பூ எப்படித்தான் வருகிறது?

பல பேருக்குத் தெரியாத விஷயம் இது. சாமந்தி ராத்திரியைப் பார்த்துப் பூக்கிற செடி. பகல் நீளமாக இருந்தால் இலை விடும், தண்டு வளர்க்கும். ராத்திரி நீளமானால் "சரி, காலம் வந்துவிட்டது" என்று மொட்டு வைக்கும். குளிர்நாட்டில் கோடைக்காலத்துப் பகல் நீளம், அங்கே செடி தானாக வளர்ந்துகொள்ளும். நம்ம நாட்டில் வருஷம் பூரா பகல் பன்னிரண்டு மணி நேரம்தான். அப்படியே விட்டால் ஒரு சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும், அதை வெட்டி என்ன செய்வது? அதனால் விவசாயிகள் செடியை ஏமாற்றுகிறார்கள். நாற்று நட்டதும் முதல் சில வாரம் ராத்திரியில் பல்பு போட்டு வைக்கிறார்கள். செடி இன்னும் பகல் முடியவில்லை என்று நினைத்து உயரமாக வளர்கிறது. வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்துகிறார்கள். அப்புறம் இரண்டு மாதம்போல் ஆகும் பூக்க. நட்டதிலிருந்து வெட்டுவதுவரை மூன்று, மூன்றரை மாதம். நீங்கள் ராத்திரியில் மலை ஏறினால் பள்ளத்தாக்கில் அங்கங்கே பொன்னிறமாக மின்னும், ஏதோ திருவிழா நடக்கிற மாதிரி. திருவிழா இல்லை, சாமந்தித் தோட்டம்.

அப்படியென்றால் தீபாவளிக்கும் கந்த சஷ்டிக்கும் நமக்குப் பூ வேண்டும் என்றால் ஜூலையிலேயே நாற்று மண்ணில் இருக்கணும். ஜூலையில் நட்டவன் மூன்று மாதம் மருந்து, உரம், கோழி எரு, கரண்ட் பில், ஆள் கூலி எல்லாம் போட்டுவிட்டு அக்டோபரில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஏன்னா கேமரன்மலையில் மழை வலுக்கிற காலமே அக்டோபரும் நவம்பரும்தான். நவராத்திரி, தீபாவளி, கந்த சஷ்டி, கார்த்திகை என்று நமக்கு வரிசையாகப் பூ தேவைப்படுகிற மாதங்களும் அதேதான். நாம் எந்த வாரம் கூடுதலாகப் பெட்டி கேட்கிறோமோ அந்த வாரம்தான் அவர்கள் ஆற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுக்கிறார்கள். அக்கா கேட்ட கேள்விக்கு நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

பிளாஸ்டிக் கூரை எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். பனி, மழை நேரே விழுந்தால் இதழ் அழுகிவிடும், இலையில் வெள்ளைத் துரு நோய் வரும். கூரை வந்த பிறகுதான் வருஷம் முழுக்க ஒரே தரத்தில் பூ கிடைக்கிறது. ஆனால் அந்தக் கூரையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காமல் மொத்தமாகச் சரிந்து ஆற்றுக்கு ஓடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது.

நடுவில் ஒரு விஷயம், பூ கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். சாமந்திக்குப் பூச்சிமருந்து கட்டாயம் அடிப்பார்கள். மாலைக்கு, அலங்காரத்துக்கு நல்லது. பிரசாதத் தட்டில் விபூதி குங்குமத்தோடு வைக்கலாம், பொங்கல் மேலேயும் பஞ்சாமிர்தம் மேலேயும் அழகுக்காகப் பிய்த்துப் போடாதீர்கள். கட்டி முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

பெர்தாம் வேலிப் பூ நமக்கு மட்டும் வருவதில்லை. ஜப்பானுக்கு வெளிநாட்டிலிருந்து போகிற சாமந்தியில் பெரும் பங்கு மலேசியாவிலிருந்து போவதுதான். அங்கே ஆகஸ்ட் மாதம் முன்னோர்களை நினைத்துக் கல்லறைக்குப் போவார்கள், நம்ம ஆடி அமாவாசை மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். அங்கேயும் சாமந்திதான் வைக்கிறார்கள். ஒரே பாத்தியில் வெட்டிய பூ ஒன்று ஜப்பான்காரர் தாத்தாவுக்கும் இன்னொன்று நம்ம மாரியம்மனுக்கும் போகிறது. முதல் தரம் ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது என்று பூக்கடைக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். யார் நல்ல விலை தருகிறார்களோ அங்கே போகிறது, அவர்களும் பிழைக்க வேண்டாமா?

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது ஞாபகம் இருக்கிறதா? கோவில் நடை சாத்தினோம், கல்யாணம் நின்றது, பூக்கடை மூடியது. நாம் வீட்டில் உட்கார்ந்து நேரலையில் பூஜை பார்த்தோம். செடிக்கு அது தெரியுமா? மூன்று மாதம் முன்னால் நட்டது அந்த வாரம் பூத்தே தீரும். கேமரன்மலை விவசாயிகள் காய்கறியையும் பூவையும் டன் கணக்கில் கொட்டினார்கள். மஞ்சளும் வெள்ளையுமாகக் குவியல் குவியலாகக் குப்பையில் கிடந்த சாமந்திப் படங்களைப் பார்த்து நான் கண்கலங்கியிருக்கிறேன். நம்ம கோவில் கதவு மூடினால் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வெள்ளத்துக்குப் பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போயிருந்தேன். ஆற்றை ஆழப்படுத்தி அகலமாக்கியிருந்தார்கள், எச்சரிக்கை சைரன் கம்பம் நின்றது. பூக்கொட்டகையில் ஒரு பெரியவர் கட்டுக் கட்டாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார், நம்ம ஆள்தான். "சைரன் அடிச்சா என்னங்கய்யா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "மேட்டுக்கு ஓடுவோம், வேற என்ன" என்றார். "அப்ப பூ?" என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக்கூடாது. அவர் பதில் சொல்லாமல் கட்டை எண்ணிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது எந்தக் கோவில் என்று விசாரித்து, ஒரு கட்டு மஞ்சள் சாமந்தியை எடுத்துக் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "எம்பேர்ல அர்ச்சனை வேணாம்பா, இந்த வருஷம் லைசென்ஸ் வரட்டும்னு சாமிகிட்ட சொல்லு" என்றார்.

சொன்னேன்.

கேமரன்மலைக்கு அடுத்த முறை குடும்பத்தோடு போகிறவர்கள் ரிங்லெட்டில் பத்து நிமிஷம் கூடுதலாக நில்லுங்கள். ஏரியைப் பாருங்கள், நேரம் இருந்தால் பெர்தாம் வேலிக்கும் ஒரு நடை இறங்கிவிட்டு வாங்க. ரோட்டோரக் கடையில் பூ வாங்கினால் பேரம் பேசாதீங்க.

அப்புறம், வர்ற வெள்ளிக்கிழமை விசேஷ அலங்காரம். வியாழன் ராத்திரி ஒன்பது மணிக்குப் பெட்டி வந்துவிடும், பத்து ஆளாவது வேணும். வருகிறவர்கள் கத்தரிக்கோல் கொண்டு வாங்க, நார் கோவிலில் இருக்கு. போன தடவை காம்பை நீளமாக விட்டு வெட்டிவிட்டு மீதியைக் குப்பையில் போட்டிருந்தார்கள், அதில் நல்ல பூ நாற்பது ஐம்பது கிடந்தது. இந்த முறை உதிர்ந்த பூவையும் தனிக் கூடையில் போடுங்க, படிக்கட்டுக் கோலத்துக்கு ஆகும்.